எம்எச்கேப் கையேடு: மனநலப் போஸ்டிங்குக்கு வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் புத்தகம்

மனநலப் பிரிவுக்குப் போஸ்டிங் வரும் மருத்துவ மாணவர்களிடம் பாட அறிவுக்குக் குறைவிருக்காது. மனச்சோர்வு நோயின் ஒன்பது அறிகுறிகளை வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின்படி ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) என்று சொல்ல எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டால், ஆறு என்று உடனே பதில் வரும். ஆனால் எதிர் நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்து, "உடம்பெல்லாம் ஒரே அசதி டாக்டர், ராத்திரி தூக்கமே இல்லை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், அடுத்து எதைக் கேட்பது என்று தெரியாமல் கையைப் பிசைவார்கள். அந்த நேரத்துக்கு உதவும் ஒரு புத்தகத்தைத்தான் இங்கே விமர்சிக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எம்எச்கேப் (மென்டல் ஹெல்த் கேப், அதாவது மனநல சிகிச்சையில் உள்ள இடைவெளி) இன்டர்வென்ஷன் கைடு என்ற சிகிச்சைக் கையேடு, 2016-ல் வந்த இரண்டாம் பதிப்பு. மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் மனநல மருத்துவராக இதை வார்டிலும் ஓ.பி.யிலும் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

முதலில் இது யாருக்காக எழுதப்பட்டது என்று பார்த்துவிடலாம். மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைவு, நோயாளிகள் அதிகம். அந்த இடைவெளியைக் குறைக்க 2008-ல் எம்எச்கேப் திட்டம் தொடங்கப்பட்டது. மனநலத்தில் சிறப்புப் பயிற்சி இல்லாத மருத்துவர்களும் செவிலியர்களும் தங்கள் இடத்திலேயே நோயைக் கண்டறிந்து சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது நோக்கம். கையேட்டின் முதல் பதிப்பு 2010-ல் வந்தது. மாணவர்களுக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும் அவர்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. என்னிடம் படிக்கும் மாணவர்களில் மனநல மருத்துவராகப் போகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் பொது மருத்துவர், அறுவை சிகிச்சை நிபுணர், குழந்தை மருத்துவர் என்று பிரிந்துவிடுவார்கள். மனச்சோர்வோடு வருபவர் முதலில் போய் நிற்பது அவர்கள் வாசலில்தான்.

கையேட்டைத் திறந்ததும் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. மாஸ்டர் சார்ட் என்கிறார்கள். நோய்ப் பெயரில் தொடங்கும் பாடப்புத்தகங்களுக்கு நேர் எதிராக, ஆள் எந்த நிலையில் வருகிறார் என்பதில் தொடங்கி எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று இது சொல்கிறது. மனச்சோர்வுக்கு எதிரே முதலில் எழுதியிருப்பது சோகம் அல்ல. காரணம் தெளிவாகத் தெரியாத, நீண்ட நாளாக நீடிக்கும் பல உடல் உபாதைகள். அதன் பிறகுதான் அசதி, தூக்கக் குறைபாடு, சோர்ந்த மனநிலை, எதிலும் ஆர்வமின்மை. இந்த வரிசையைப் பார்த்தபோதே எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் மரியாதை வந்துவிட்டது. "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஓ.பி.க்கு வருபவர்கள் குறைவு. தலைவலி, முதுகுவலி, நெஞ்சு படபடப்பு, பசியின்மை என்றுதான் வருவார்கள். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கும். சத்து மாத்திரையோ ஊசியோ வாங்கிக்கொண்டு போய், மறுபடியும் அதே புகாரோடு திரும்புவார்கள். வைட்டமின் ஊசி போன்ற பலனற்ற சிகிச்சையைக் கொடுக்காதீர்கள் என்று மனச்சோர்வுப் பகுதியில் நேராகவே எழுதியிருக்கிறது. பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் இந்த வரியைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மனச்சோர்வுப் பகுதி அமைந்திருக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்தப் புத்தகத்தின் பலமும் அங்கே தெரிகிறது. முதல் கேள்வி: இரண்டு வாரத்துக்குக் குறையாமல் சோர்ந்த மனநிலையோ, வழக்கமாகப் பிடித்த விஷயங்களில் ஆர்வமின்மையோ இருக்கிறதா? இருந்தால், தூக்கம், பசி, களைப்பு, கவனம், குற்ற உணர்வு, நம்பிக்கையின்மை, தற்கொலை எண்ணம் போன்ற மற்ற அறிகுறிகள். அடுத்து, இதனால் அன்றாட வேலை, வீடு, படிப்பு, உறவுகள் கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா? இதுவரை எந்தப் புத்தகத்திலும் இருப்பதுதான். ஆனால் மாணவர்கள் "டிப்ரஷன்" என்று எழுதி நிறுத்தும் அந்தப் புள்ளியில் கையேடு நிற்பதில்லை. வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று கேட்கிறது. ரத்தசோகை உண்டா, தைராய்டு குறைவா, ஸ்டீராய்டு போன்ற மருந்து ஏதாவது எடுக்கிறாரா, மது அருந்துகிறாரா? அதற்கும் அடுத்த படி: முன்பு எப்போதாவது மேனியா (அளவு கடந்த உற்சாக நிலை) வந்திருக்கிறதா?

இந்தக் கடைசிக் கேள்விக்காகவே இந்தப் புத்தகத்தைப் பரிந்துரைப்பேன். மேனியாவும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோய் உள்ளவர்கள் உற்சாகம் கரைபுரளும் காலத்தில் டாக்டரைத் தேடி வருவதில்லை. சோர்ந்து விழும் காலத்தில் வருகிறார்கள். அப்போது பார்த்தால் சாதாரண மனச்சோர்வு மாதிரியே இருக்கும். மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மேனியா கிளம்பிவிடலாம். அதனால், ஒரு வாரத்துக்குக் குறையாமல் தூக்கமே தேவைப்படாமல், பேச்சும் வேகமும் கூடி, அளவுக்கு மீறிச் செலவு செய்து, தன்னால் எல்லாம் முடியும் என்று இருந்த காலம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். நோயாளியைவிட உடன் வந்தவருக்கு இது நன்றாக ஞாபகம் இருக்கும். "அண்ணன் போன வருஷம் ஒரு தடவை ராத்திரி பகலா தூங்காம வீட்டையே இடிச்சுக் கட்டப் போறேன்னு நின்னார்" என்று தம்பி சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தில் சிகிச்சையே மாறிவிடும்.

இழப்பைப் பற்றிய படியும் நன்றாக இருக்கிறது. கடந்த ஆறு மாதத்துக்குள் நெருங்கியவர் இறந்திருந்தாலோ வேறு பெரிய இழப்பு நேர்ந்திருந்தாலோ, துக்கத்தை அவசரப்பட்டு நோயாக்காதே என்கிறது. அதே சமயம் தற்கொலை எண்ணம், தான் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற நம்பிக்கை, சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) அறிகுறிகள், பேச்சும் அசைவும் வழக்கத்தைவிட மந்தமாவது ஆகியவை இருந்தால் கவனமாகப் பார் என்றும் சொல்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதிவிட வேண்டும் என்ற மாணவர்களின் பதற்றம் இதைப் படித்தபின் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சைப் பக்கத்தில் மருந்து கடைசியில்தான் வருகிறது. நோயைப் பற்றி எடுத்துச் சொல்வது, சுற்றியிருப்பவர்களின் ஆதரவைப் பலப்படுத்துவது, வழக்கமான வேலைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வைப்பது, குறுகிய கால உளவியல் சிகிச்சை, அப்புறம் தேவைப்பட்டால் மருந்து. மருந்தென்று வந்தால் ஃப்ளூவாக்சடின், அமிட்ரிப்டிலின் இரண்டும்தான் பெரும்பாலும். ஃப்ளூவாக்சடினை 10 மில்லிகிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 20 ஆக்கலாம். பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அறிகுறிகள் நீங்கிய பிறகும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் தொடர வேண்டும். இந்த எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதில் சிரமமில்லை. நான் அழுத்திச் சொல்வது, இதே எண்களை நோயாளியிடமும் சொல்ல வேண்டும் என்பதை. குமட்டலும் தலைவலியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் பிறகுதான் வரும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மாத்திரை ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுவார். அமிட்ரிப்டிலின் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து, இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் தவிர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை சரியான இடத்தில் இருக்கிறது.

சைக்கோசிஸ் பகுதியில் கேள்விகளின் வரிசையைப் பாராட்ட வேண்டும். மாயக்குரல் கேட்கிறதா என்று தொடங்காமல், வேறு விளக்கம் உண்டா என்றுதான் தொடங்குகிறது. டெலிரியமா (திடீர் மனக்குழப்பம்), டிமென்ஷியாவா (மறதி நோய்), போதைப்பொருளா, மதுவை நிறுத்தியதாலா? அறுவை சிகிச்சை வார்டிலிருந்து மனநலப் பிரிவுக்கு வரும் ரெஃபரன்ஸ்களை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ராத்திரியில் ட்ரிப் ஊசியைப் பிடுங்குகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், காலையில் ஒரு மணி நேரம் தெளிவாக இருக்கிறார், மதியம் மறுபடியும் குழப்பம். திடீரென்று தொடங்கியது, ஏறி இறங்குவது, கவனம் நிற்காதது. இது டெலிரியம். தொற்று, உப்புச்சத்துக் குறைபாடு, மருந்துகள் என்று காரணத்தைத் தேட வேண்டும். அவர் தினமும் குடிப்பவராக இருந்து, வார்டில் சேர்ந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருந்தால், மது நிறுத்தத்தால் வந்த டெலிரியமாக இருக்கலாம். அதற்கு டையசெபமும் தையமினும் வேண்டும். கடைசியாக எப்போது குடித்தார் என்று கேஸ் ஷீட்டில் எழுதும் பழக்கம் இந்தக் கையேட்டைப் படித்த மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் ஒரே ஒரு சைக்கோசிஸ் மருந்து, குறைந்த அளவில் தொடக்கம், போதிய அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் பார்த்த பிறகே பலனில்லை என்ற முடிவு என்று மருந்து விதிகளும் தெளிவு. கழுத்து திருகிக்கொள்வது, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, நடுக்கம் போன்ற பக்கவிளைவுகளை மாணவர்கள் நோயின் தீவிரம் என்று நினைத்து மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. கையேடு அதைத் தொட்டுவிட்டுப் போகிறது. ஆசிரியர் இருந்து நேரில் காட்ட வேண்டும்.

இனி தற்கொலை பற்றிய பகுதி. மருத்துவக் கல்வியில் இதைவிட முக்கியமான பக்கங்கள் அதிகம் இல்லை. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது, மாறாக மனச்சுமையைக் குறைக்கும், தன்னைப் புரிந்துகொண்டார்கள் என்ற உணர்வைத் தரும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் நேரில் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். "அப்படியெல்லாம் எண்ணம் எதுவும் இல்லைதானேம்மா?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்டால் எந்த அம்மாவும் "இல்லைப்பா" என்றுதான் சொல்வார். பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டோமே! என்ன கேட்க வேண்டும் என்பதைக் கையேடு தருகிறது, எந்த வார்த்தையில் என்பதை நாம்தான் பழக்க வேண்டும். நான் பழக்கும் வரிசை இது: "இவ்வளவு கஷ்டத்தில், உயிரோடு இருந்து என்ன பயன் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா?" ஆமாம் என்றால், "உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்ததுண்டா?" பிறகு, "எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா?" பிறகு, "இந்த எண்ணம் இப்போதும் இருக்கிறதா?" கேட்டுவிட்டு அமைதியாக இருக்க வேண்டும். பதில் வரும்வரை பேனாவைத் தொடக் கூடாது.

உடனடி ஆபத்து இருந்தால் தனியாக விடாதே, தீங்கு செய்துகொள்ள உதவும் பொருட்களை எட்டாத இடத்துக்கு மாற்று, குடும்பத்தினரைச் சேர்த்துக்கொள், மனநலப் பிரிவுக்கு உடனே சொல், அனுப்பிய பிறகும் தொடர்பு விட்டுப்போகாமல் பார் என்று அடுத்தடுத்த வேலைகளும் இருக்கின்றன. இரவுப் பணியில் தனியாக இருக்கும் பயிற்சி மருத்துவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. இந்தப் பக்கங்கள் அப்போது கைகொடுக்கும்.

மற்ற பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வலிப்பு நோய்ப் பகுதி தெளிவாக இருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் வெவ்வேறு நாட்களில் இரண்டு வலிப்பு என்ற வரையறையும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரநிலை என்ற எச்சரிக்கையும் பளிச்சென்று தெரிகின்றன. டிமென்ஷியாவில் மூன்று சாதாரண வார்த்தைகளைச் சொல்லச் சொல்லி, மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்கும் எளிய சோதனை மாணவர்களுக்குப் பிடித்துவிடுகிறது. பார்த்துக்கொள்பவரின் களைப்பையும் கேட்கச் சொல்வது இன்னும் பிடித்தது எனக்கு. குழந்தைகள் பகுதியில் திருப்தியில்லை. வளர்ச்சிக் குறைபாடு, கவனக்குறைவு, நடத்தைப் பிரச்சினை, மனச்சோர்வு எல்லாவற்றையும் ஒன்றாகத் திணித்ததில் அம்புக்குறிகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. முதல்முறை படிப்பவர் வழி தவறிவிடுவார்.

குறைகளில் பெரியது, பதற்ற நோய்களுக்கு இந்தப் பதிப்பில் தனிப் பகுதி இல்லை. மற்ற புகார்கள் என்ற கடைசிப் பகுதிக்குள் அது கரைந்துவிட்டது. ஓ.பி.யில் தினமும் பார்க்கும் நோய்க்கு இது போதாது. 2023-ல் வந்த புதிய எம்எச்கேப் வழிகாட்டுதலில் பதற்ற நோய்களுக்கென்று தனியாகப் பரிந்துரைகள் சேர்த்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓசிடி (வேண்டாத எண்ணமும் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் ஆட்டிப்படைக்கும் நோய்), உணவு தொடர்பான கோளாறுகள், ஆளுமைக் கோளாறுகள் ஆகியவற்றுக்கும் பகுதி கிடையாது. ஓசிடி இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த நோயாளிகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், வெட்கப்பட்டு வருஷக்கணக்கில் மறைப்பார்கள். கேட்டால்தான் வெளியே வரும், கேட்கத் தெரிய வேண்டுமென்றால் யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மருந்துப் பட்டியலும் குறுகியது. எல்லா இடத்திலும் கிடைக்கக்கூடிய அத்தியாவசிய மருந்துகளுக்குள் நிற்பதால் அப்படி. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. தொடக்கத்தில் நாலைந்து மருந்துகளை நன்றாகத் தெரிந்துகொள்வது, இருபதை அரைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட மேல். பைபோலார் நோய்க்கான லித்தியத்தை ரத்த அளவு பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் தொடங்காதே என்று சொல்லியிருப்பது சரியான கண்டிப்பு. ஆனால் வலிப்புக்கும் பைபோலார் நோய்க்கும் தரும் வால்ப்ராயேட் விஷயத்தில் 2016 பதிப்போடு நின்றுவிடக் கூடாது. கருவிலுள்ள குழந்தைக்கு அது ஏற்படுத்தும் குறைபாடுகளைக் கருத்தில் கொண்டு, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அதை எழுதக் கூடாது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. பழைய பிரதியை அச்செடுத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் கையால் எழுதிவையுங்கள்.

இன்னொரு குறை, உளவியல் சிகிச்சைகளின் பெயரைச் சொல்கிறதே தவிர, செய்யும் முறையைச் சொல்லித் தருவதில்லை. அதற்கு அதே நிறுவனத்தின் ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் ப்ளஸ் என்ற கையேடு உதவும். ஐந்து அமர்வுகளில், மனநல நிபுணர் அல்லாதவரும் செய்யக்கூடிய முறை. மனநிலைப் பரிசோதனையை முறையாக எழுதக் கற்கவும் இந்தக் கையேடு போதாது. தோற்றம், பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம், புலனுணர்வு, அறிவாற்றல், தன் நோய் பற்றிய புரிதல் என்று எழுதிப் பழக நோயாளிகளோடு நேரம் செலவழிப்பதைத் தவிர வழியில்லை. வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நோய்க்கான காரணங்கள், மூளையின் வேதியியல், வகைப்பாடு பற்றிய கேள்விகளுக்கு இதில் பதில் கிடைக்காது.

கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் பக்கத்திலேயே இருக்கும், எதிரே இருப்பவர் அழத் தொடங்கியது தெரியாது. அதனால் என் வகுப்பில் ஒரு விதி உண்டு. பேசும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். பேசி முடித்து வெளியே வந்து, திறந்து, எதைக் கேட்காமல் விட்டோம் என்று பார்த்து, மறுபடியும் உள்ளே போய், "ஐயா, இன்னும் ஒன்று கேட்க மறந்துவிட்டேன்" என்று கேட்கலாம். அப்படித் திரும்பப் போய்க் கேட்டதற்காக எந்த நோயாளியும் கோபித்ததில்லை. தொடக்கப் பகுதியில் நோயாளியிடம் பேசும் முறை பற்றி இருக்கும் பக்கங்களை மாணவர்கள் எளிது என்று தாண்டிவிடுகிறார்கள். முதலில் கேள், தீர்ப்புச் சொல்லாதே, கசப்பான அனுபவத்தைச் சொல்லும்போது மென்மையாக நடந்துகொள் என்ற அந்த வரிகள் நடைமுறையில் எல்லாவற்றையும்விடக் கடினமானவை. இந்தப் பதிப்புக்கான பயிற்சிக் கையேடு 2017-ல் வந்திருக்கிறது, அதில் நடித்துப் பழகும் பயிற்சிகள் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் பழகினால் கூச்சம் விலகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் மதிப்பீடு, சிகிச்சை என்பதோடு தொடர் கவனிப்பு என்று மூன்றாவதாக ஒரு பிரிவு இருக்கிறது. மருந்துச் சீட்டு எழுதியதோடு முடிந்துவிடும் புத்தகங்களைப் படித்து வளர்ந்த மாணவர்களுக்கு இது புதிது. அடுத்த முறை வரும்போது முன்னேற்றம் உண்டா, மருந்து எடுக்கிறாரா, பக்கவிளைவு என்ன, முன்னேற்றம் இல்லையென்றால் எதை மாற்றுவது, எப்போது குறைப்பது என்று வரிசையாகப் போகிறது. மனநல சிகிச்சையில் பாதி வேலை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

கையேடு உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. போனில் படிக்க வசதியாக இல்லை, பெரிதாக்கி நகர்த்தும்போது அம்புக்குறி எங்கே போகிறது என்று தெரிவதில்லை. தேவையான பகுதிகளை மட்டும் அச்செடுப்பது நல்லது. போஸ்டிங் இரண்டு வாரம்தான் என்றால் பேசும் முறை, மனச்சோர்வு, தற்கொலை ஆகிய மூன்றையும் முதல் வாரத்தில் முடித்துவிடுங்கள். இரண்டாவது வாரம் சைக்கோசிஸ், மதுவும் போதைப்பொருளும். டிமென்ஷியாவையும் வலிப்பு நோயையும் மெடிசின் போஸ்டிங்கில் படித்துக்கொள்ளலாம், அங்கே அந்த நோயாளிகள் நிறையவே இருப்பார்கள்.